அதே எட்டு

தோள்வலிக் கேள்வித்தாளைப் பிசியோதெரபி மாணவி ஆர்ஷா தன் ஆய்வுக்காகத் தமிழில் மொழிபெயர்த்திருந்தாள். ஒரே நோயாளியிடம் ஒரு வாரம் விட்டு இரண்டு முறை கேட்க வேண்டும். வலி மாறாதவரிடம் பதிலும் மாறக் கூடாது. மாறினால் கேள்வியில் கோளாறு. மாதக் கடைசிக்குள் ஐம்பது பேர் முடிந்தால்தான் அவளால் பரீட்சை எழுத முடியும். ஐம்பதாவது ஆளான ஸ்ரீவராகம் வெங்கடசுப்ரமணியன் இன்று இரண்டாம் முறை வந்திருந்தார்.

"உயரத்துல இருக்கிற டப்பாவை எடுக்கும்போ பத்துக்கு எத்தனை வலி, அங்கிள்?"

"எட்டு."

போன வாரமும் எட்டு.

"சட்டை போடும்போ?"

"ஆறு. பின்கழுத்தைத் தொட்டா ஒம்பது. அதையும் கேப்பியே!"

பதின்மூன்று கேள்விக்கும் அதே எண்கள். ஆர்ஷாவுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

"கடைசிக் கேள்வி. இந்த ஒரு வாரத்துல வலியில மாற்றம் ஏதாவது உண்டா?"

"புதன்கிழமையே சுத்தமாப் போயிடுத்தே!"

"அப்போ இந்த எட்டு?"

"அது நேத்திக்கு வந்தது. வலி போனா பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூத்தியோரு தேங்கா உடைக்கறேன்னு வேண்டிண்டிருந்தேன். நேத்திக்குத்தான் உடைச்சேன்."

"எந்தக் கையால?"

"குணமான கையாலதான்!"

ஆர்ஷா அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்தாள். "இதைச் சேர்க்க முடியாது அங்கிள். இனி வேற ஆளைத் தேடணும்."

"கவலைப்படாதே, கேட்டியா." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பிள்ளையாரப்பா, இந்தக் கொழந்தைக்கு ஆள் கிடைச்சா நூத்தியோரு..."

ஆர்ஷா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயோ அங்கிள், ஒண்ணு போதும்!"