நல்ல கால்

ஒற்றைக் காலில் நின்றான்.

வலது கால். அடிபடாத கால்.

ஜிம்மின் ரப்பர் தரையில் அளவு டேப் நீளமாகக் கிடந்தது. பக்கத்தில் எபினேசர் சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கால்பந்துக் கிளப்பின் உடற்பயிற்சிக் கோச். போன சீசன் முடிந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். டில்லிபாபு ஆடி அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவனைவிட அவருக்குத்தான் படபடப்பு அதிகம்.

இடது காலால் தாண்டி முடித்தாயிற்று. அது ஊன்றிய இடத்தில் சாக்பீஸ் கோடு இருந்தது.

வலது காலும் அந்தக் கோட்டை ஒட்டி வந்து ஊன்ற வேண்டும்.

குறைவாகத் தாண்டிவிடுவோமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். டில்லிபாபுவுக்கு, அதிகமாகத் தாண்டிவிடுவோமோ என்று பயம்.

முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கிளப்பில் வைக்கிற பரீட்சை இது. இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பந்து. இருந்தால் வீடு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

வேண்டுமென்றே குறைத்துத் தாண்டினால் சார் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு அதுதானே பிழைப்பு.

அதனால் முழு மூச்சோடு தாண்டினாலும் கோட்டைத் தாண்டாதபடி, அந்தக் காலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான்.

சீசன் முடிந்ததும் மற்றவர்கள், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயங்களுக்காகக் கேரளாவுக்குப் போனார்கள். இவன் வியாசர்பாடியிலேயே கிடந்தான். எடையைத் தோளில் வைத்து ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழச் சொல்லியிருந்தார் சார். இரண்டு காலுக்கும். தினமும் வீடியோ அனுப்ப வேண்டும்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தான்.

இடது தொடை தேறியது. வலதும் கூடவே தேறித் தொலைத்தது. இது ஒரு படி ஏறினால் அது இரண்டு படி ஏறி நின்று வேடிக்கை பார்த்தது.

எட்டிப் பிடிக்கவே முடியாது என்று ஒரு நாள் புரிந்தது. அன்று நன்றாக அழுதான்.

அழுது முடித்ததும் யோசனை வந்தது.

அப்படியானால் அது இறங்கி வரட்டும்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில், பனியனை மாற்றி மாற்றி, வலது காலுக்கான வீடியோக்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டான். தினம் ஒன்றாக அனுப்பினான். சாரும் தினமும் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினார்.

வலது கால் சும்மா இருந்தது. பஸ்ஸில் நின்றால் பாரம் இடது காலில். மாடிப்படி ஏறினால் இடது காலை ஊன்றி, வலதை இழுத்துக்கொண்டு. எதிர் வீட்டுக்காரர் ஆபரேஷன் எந்தக் காலில் என்று குழம்பிப்போய்க் கேட்டார்.

பேண்ட் இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி தொளதொளக்க ஆரம்பித்தது. பாவி, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

இப்போது கையை வீசினான்.

தாண்டினான்.

ஊன்றி, ஆடாமல் நின்றான்.

சார் குனிந்து டேப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"சேம் டு சேம்டா டில்லி! சொன்னதச் சொன்ன மாதிரி செஞ்சவன் நீ ஒருத்தன்தாண்டா."

அவர் கண் கலங்கியிருந்தது. அவனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நெஞ்சு உறுத்தியது. ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

"வா," என்று கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பெனால்டி பெட்டிக்கு வெளியே தன் கையாலேயே ஒரு பந்தை வைத்தார்.

டில்லிபாபு குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எத்தனை மாதமாயிற்று.

கோலில் ஜெயசீலன் நின்றான். கூடவே வளர்ந்தவன். போன வருடம் இவனுடைய வலது கால் அடித்த பந்தைத் தடுக்கப் போய், விரல் பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தவன். இவனைப் பார்த்ததும் கையுறையை இறுக்கிக்கொண்டு, நடுங்குகிற மாதிரி நடித்தான்.

டில்லிபாபு ஓடி வந்தான்.

இடது காலை ஊன்றினான். முட்டி தாங்கியது.

உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும் திரட்டி வலது காலால் அடித்தான்.

பந்து நேராகத்தான் போனது. கொஞ்ச தூரத்திலேயே தரையில் பட்டது. அப்புறம் உருண்டது.

ஜெயசீலன் குனிந்து ஒரு கையால் எடுத்துக்கொண்டான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா மச்சான், கொயந்தைக்கு உருட்டி உடுற மாதிரி உடுற! என் வெரலுக்குப் பாவம் பாக்காத. ஒய்ங்கா அடி."

பந்து திரும்பி வந்தது.

சாரும் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல அடிக்காக அவர் இன்னும் காத்திருந்தார்.

"சும்மா அட்ச்சேன் மச்சான்," என்றான் டில்லிபாபு.

பந்தை அதே இடத்தில் வைத்தான். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் ஓடி வருவதற்காக, முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான்.

நடுக்கோட்டைத் தாண்டிய பிறகும் அவன் திரும்பவில்லை.