ஏழு கல்லில் ஒன்று

மூன்று கிளினிக் ஏறி இறங்கியதில், இந்த நாற்காலியில்தான் அவளுக்கு உட்காரவே தோன்றியது.

கல்யாணத்துக்கு நாற்பத்திரண்டு நாள். அதற்குள் கன்னத்து மங்கு போக வேண்டும்.

மாப்பிள்ளை பிரசன்னா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனுடைய அம்மாதான் நிச்சயதார்த்தத்தன்று அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"இது மட்டும் போயிட்டா மகாலட்சுமிதான்."

சுருக்கென்றது. சிரித்து வைத்தாள். முப்பத்தொரு வயதில் அமைந்த வரன். சம்பந்தம் பேசி முடித்த அன்றுதான் அவள் அப்பா பல மாதம் கழித்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தி.நகர் கிளினிக்கில் டாக்டரைக் கண்ணிலேயே காட்டவில்லை. பேக்கேஜ் பற்றிப் பேச மட்டும் மூன்று பெண்கள். நுங்கம்பாக்கத்தில், பத்தே நாளில் ஆளே வெளுத்துவிடலாம் என்று அடித்துச் சொன்னார்கள். அவளுக்கு வெளுப்பு வேண்டாம். தன் பழைய கன்னம் போதும்.

மீதி இருந்தது அண்ணா நகரில் இது ஒன்று. இதைப் பற்றித்தான் அத்தை, பிரசன்னாவின் அம்மா, போனில் சொல்லியிருந்தார்.

"எங்க வேணா போம்மா. அங்க மட்டும் வேணாம். அந்த டாக்டருக்குக் கைராசி இல்ல."

விசாரித்த இடத்தில் எல்லாம் இந்த டாக்டரின் பெயரைத்தான் சொன்னார்கள். போகாதே என்றால்தானே கால் அந்தப் பக்கம் இழுக்கும். அத்தையிடம் மூச்சு விடாமல் வந்துவிட்டாள்.

டாக்டர் மெஹருன்னிசா லென்ஸ் வைத்து இரண்டு கன்னத்தையும் பார்த்தார்.

"கல்யாணத்துக்குள்ள முழுசாப் போகும்னு பொய் சொல்ல மாட்டேன். பாதி குறையும்."

அவளுக்கு மனசு நிறைந்தது. இங்கேதான் என்று முடிவு செய்தாள்.

டாக்டர் ஒரு டேப்லெட்டை நீட்டிவிட்டுக் கை கழுவப் போனார். பக்கத்துக்கு இரண்டு படம். முன்பு, பின்பு. எல்லார் கண்ணிலும் கறுப்புப் பட்டை.

பரு.

தேமல்.

அம்மைத் தழும்பு.

எட்டாவது படத்தில் விரல் நின்றது.

இளம்பெண். காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வரை வெந்த தோல். 'பின்பு' படத்தில் பாதி ஆறியிருந்தது.

அவள் தோலைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள்.

ஏழுகல் தோடு. ஆறு வெள்ளை. ஓரத்தில் ஒன்று சிவப்பு.

படத்தின் அடியில் தேதி. போன வருடம், மார்ச்.

அவள் கை தலைமுடியை விலக்கிக்கொண்டு தன் காதுக்குப் போனது. நிச்சயத்தன்று அத்தை தன் கையாலேயே போட்டுவிட்ட தோடு.

"ஒரு கல்லு விழுந்து, அவசரத்துக்கு சிவப்பு வச்சோம். அதுவே ராசியாயிடுச்சு. என் காதை விட்டா உன் காதுதான். கழட்டவே கூடாது, என்ன?"

அத்தை திருகாணியை முறுக்கிய முறுக்கில் காது இரண்டு நாள் வலித்தது. அதைக்கூட அவள் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

"போட்டோ எடுக்கறப்போ நகையெல்லாம் கழட்டணும் இல்ல, டாக்டர்?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். துண்டால் விரல்களைத் துடைத்தபடியே பேசினார்.

"கழட்டணும். அந்தப் பொண்ணு மட்டும் கேக்க மாட்டா. மாமியார் திட்டுவாங்களாம். பத்து தடவை வரச் சொன்னேன். ஆறோட நின்னுட்டா. போன் பண்ணா, அப்படி ஒரு நம்பரே இல்லங்குது."

"எப்படி வெந்துச்சாம்?"

"ரசம் கொட்டிடுச்சுன்னா."

துண்டு நின்றது.

"ரசம் கொட்டினா கால்ல படும், கையில படும். காதுக்குக் கீழ எப்படிம்மா படும்?"

மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

பிரசன்னாவின் மெசேஜ்.

காலையில் கிளம்பும்போது அவள் இருக்கும் இடத்தைத் தன் போனில் காட்டும்படி அவன் கேட்டு வாங்கியிருந்தான். பத்திரமாகப் போகிறாளா என்று பார்க்கத்தானாம். அப்போது இனித்தது. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா அங்க வேணாம்னு சொன்னாங்கல்ல. கீழதான் நிக்கிறேன். வா."

அவளுக்குப் பயமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் வைக்க முடியவில்லை.

திருகாணியைத் திருகிப் பார்த்தாள். நகம்தான் மடங்கியது.

"இதக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா, டாக்டர்?"

டாக்டர் விளக்கை இழுத்து, அவள் முடியை ஒதுக்கிக் குனிந்தார். ஓரத்துச் சிவப்புக் கல்லைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

 நிமிர்ந்து போய் அறைக் கதவைத் தாழிட்டார்.

திரும்பி வந்து, இரண்டு விரலால் மெதுவாகத் திருக ஆரம்பித்தார்.

கீழே ஒரு கார் ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து, லிஃப்ட் மேலே ஏறும் சத்தம் கேட்டது.