பதினேழாம் எண் குச்சி

மூடுபனி வில்பட்டி மலைச்சரிவில் படிப்படியாக இறங்கிவந்து பூண்டு வயலின் கடைசிப் பாத்தியில் நிற்கிறது. அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் மண்டியிட்டிருக்கிறாள் உயிர்வேதியியல் பேராசிரியர் தமயந்தி. ஒரு கையில் கரண்டி, மறு கையில் மூடி திறந்த சின்னக் குப்பி. பத்தொன்பது வருடங்களுக்கு முன் இதே மூலையில் அள்ளிய ஒரு கரண்டி மண்ணில்தான், ஐஸ் தண்ணீரிலும் கொழுப்பை உடைக்கும் நொதியைச் சுரக்கிற நுண்ணுயிரை அவள் கண்டாள். கட்டுரைகள், பதவி, எல்லாம் அதிலிருந்து முளைத்தவை. போன மாதம் ஆய்வக உறைபெட்டி பழுதாகி, காத்துவைத்த அத்தனையும் செத்துப்போயிற்று. உரமும் மருந்தும் விழுந்த நிலத்தில் அந்த நுண்ணுயிர் இனி எங்கே இருக்கப்போகிறது என்ற சந்தேகத்தோடுதான் வந்தாள். ஆனால் பாய் அகலத்துக்குப் பாசி படர்ந்த தரையும், நடுவே ஒரு குச்சியும் இருக்கின்றன. குச்சி புதிது. அதில் தொங்கும் அலுமினியத் தகட்டில் அன்று மண் அள்ளிய இடத்துக்கு அடையாளமாக இட்ட பதினேழு என்ற எண் மட்டும் அவளுடைய கையெழுத்து. “குச்சி மக்க மக்க மாத்தி நட்டோம் மேடம். இந்த எடத்துல மம்பட்டி படல, மருந்து அடிக்கல. தொட்டுராதீங்க, திரும்ப வர்றேன்னு நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க?” என்கிறாள் நிலத்துக்காரி அம்சவள்ளி. சொன்னது தமயந்திக்கு நினைவில்லை. பாசியை விலக்குகிறாள். கறுப்பு மண் ஈர வாசனையோடு கரண்டியில் ஏறுகிறது. பனிக்குள் குப்பியின் மூடி திருகும் சத்தம் மட்டும் கேட்கிறது. அம்சவள்ளி குனிந்து, தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்: “எடுத்தாச்சுங்களா? அப்ப இந்த வருசமாச்சும் இங்கனயும் பூண்டு போட்டுக்கிறலாங்களா?”