கணவர் பெயர்

வக்கீல் அவளுடைய பெயரைக் கேட்கவில்லை.

வக்காலத்துப் படிவத்தை மேசையில் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். குமுதவல்லி என்று எழுதினார்.

வயது முப்பத்தெட்டு. அதையும் கேட்கவில்லை.

வாடகை ஒப்பந்தம் இன்னும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவனின் மடியிலிருந்த பைக்குள்தான் இருந்தது.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. முன்னறையில்தான் அவனுடைய டியூஷன். நாற்பது பிள்ளைகள். அறை போனால் அவர்களும் போய்விடுவார்கள்.

அவனாக மூன்று வக்கீல்களைப் பார்த்தான். ஒருவர் வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் வாதாடுவாராம். இன்னொருவர் இதே வீட்டுக்காரருக்குச் சம்பந்தி. மூன்றாமவர், "பேசாம காலி பண்ணிருங்க சார்" என்றார்.

நேற்று கீரை ஆய்ந்துகொண்டே அவள் சொன்னாள்.

"அருள்நம்பின்னு ஒருத்தர் இருக்காரு. காலேஜ்ல எனக்கு ரெண்டு வருஷம் சீனியர்."

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அந்தப் பெயரை அவன் கேட்டதில்லை.

கோர்ட்டுக்குப் பின்னால் இத்தனை சந்துகள். இன்று வரும்போது அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை.

பேனா ஓரிடத்தில் நின்றது.

க/பெ.

வக்கீல் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், உங்க பேரு?"

"பால்வண்ணன்."

அவன் காதுக்கே அது யாரோ ஒருவனுடைய பெயர்போல் இருந்தது.

ஒப்பந்தம் அவள் பெயரில். எழுதிய அன்று அவன் வெளியூரில் இருந்தான். ஒரு கையெழுத்துதானே, நீயே போட்டுடு என்று போனில் சொன்னவனும் அவன்தான்.

வக்கீல் நிதானமாகப் படித்தார். நோட்டீஸில் யார் கண்ணிலும் படாத ஓட்டையைக் காட்டினார். கெட்டிக்காரர்.

அது இன்னும் உறுத்தியது.

"பயப்படாதீங்க. அஞ்சு வருஷத்துக்கு உங்கள ஒருத்தனும் அசைக்க முடியாது. சாருக்கு டியூஷன் கெடும். மாசம் ஒரு வாய்தா, குமுதா வந்தா போதும்."

குமுதா.

வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை.

அவன் கணக்கு வாத்தியார். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான்.

அறுபது.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

"வேற வீடு பாப்போமா?" என்றான்.

அவள் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவனுடைய ஜோடியை முதலில் கண்டெடுத்து, அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.