முதலில் தையல்

"உங்களை மாதிரி ஆளுங்கதாம்மா மாட்டைக் கொல்றது. கறந்து முடிச்சதும் தெருவுல அவுத்து விட்டுடறது. அதுக்குச் சாப்பாடு போடறது ஊரார் பொறுப்பு, அப்படித்தானே?"

கால்நடை டாக்டர் இதைச் சொன்னபோது அவருடைய கை தோள் வரைக்கும் பசுவின் வயிற்றுக்குள் இருந்தது. விலா ஓரம் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் கீறியிருந்ததால் பசு கம்பிக் கூண்டுக்குள் நின்றபடியே இருந்தது. பால்காரம்மா அதன் தலையை அணைத்துப் பிடித்திருந்தாள். நாலு நாளாகத் தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை. ஐந்து மாதச் சினை வேறு. அவளுக்கு இருப்பதே இந்த ஒரு மாடுதான்.

"தெருவுல விடறதில்லைங்க சார். பால் ஊத்தப் போறப்ப மட்டும் ஒரு வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவேன். கண்ணெதிர்ல கறந்து கொடுத்தாத்தான் அந்தம்மாவுக்கு நம்பிக்கை."

"அப்போ இது என்ன, வைக்கோலா?"

டாக்டர் உருவிய உருவில் வடம்போல் முறுக்கிக்கொண்ட பிளாஸ்டிக் பைகள் தொட்டியில் விழுந்தன. பின்னாலேயே ஷாம்பு பாக்கெட், எண்ணெய்க் கவர், உடைந்த பிளாஸ்டிக் டம்ளர் பாதி.

"தனிக்குடித்தனமே நடத்தலாம் போலிருக்கே," என்றார் டாக்டர்.

கை வேலை செய்யும்போது அவருக்கு வாய் சும்மா இருக்காது. பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டம் எங்கே நடந்தாலும் சிறப்புப் பேச்சாளர் அவர்தான். மேடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஒரு மணி நேரம் விளாசுவார்.

கடைசியாக ஒரு முழுப் பை வந்தது. கிழியவே இல்லை. உள்ளே காய்கறித் தோலும் பழைய சோறும். வாயில் முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கும் மேல் ஒரு பச்சை ரப்பர் பேண்டு.

"அடடா, என்ன கைவேலை. குப்பைக்குப் போற சோத்தைக்கூட மாடு நிம்மதியாத் தின்னுடக்கூடாதுன்னு கட்டியிருக்காங்க பாரு. படிச்ச வீடாத்தான் இருக்கும்."

கம்பவுண்டர் அந்தப் பையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு இருமினார்.

"எந்த வீட்டுக் குப்பைத் தொட்டிம்மா இது? தெரியும்ல? சொல்லுங்க. வாசல்லயே போய் நின்னு மானத்தை வாங்கறேன்."

பால்காரம்மா திறந்து கிடந்த வயிற்றைப் பார்த்தாள். டாக்டரின் கையைப் பார்த்தாள்.

"மொதல்ல தையலைப் போட்டுடுங்க சார். சொல்றேன்."

"பயப்படறீங்க. இந்தப் பயம்தான் நாட்டைக் கெடுக்குது."

"ஆமாங்க சார், பயமாத்தான் இருக்கு. நல்லாப் போடுங்க."

டாக்டர் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு திட்டு வீதம், முகம் தெரியாத அந்த வீட்டுக்காரர்களின் வளர்ப்பையும் படிப்பையும் பொறுப்பையும் கிழித்தார். பால்காரம்மா தையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசித் தையல் விழுந்தது. பசு தலையைத் திருப்பி அவள் நீட்டிய புல்லை முகர்ந்து, ஒரு வாய் கடித்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"பொழைச்சுக்கும். கன்னும் பத்திரம்," என்று கை கழுவினார் டாக்டர். "இப்ப சொல்லுங்க. எந்த வீடு?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"உங்க வீடுதாங்க சார். காலையில நீங்க தூங்கிட்டிருப்பீங்க. வீட்டம்மா பாத்திரம் எடுத்துட்டு வர்ற வரைக்கும் பின்பக்கக் கேட்டுலதான் இவளைக் கட்டுவேன். தொட்டியும் அங்கதான் இருக்கு."

டாக்டர் கழுவிய கையையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். கம்பவுண்டர் மறுபடி இருமிவிட்டு, சுவர் ஆணியில் தொங்கிய டாக்டரின் மதியச் சாப்பாட்டுப் பையைக் கழற்றினார். முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கும் மேல் ஒரு பச்சை ரப்பர் பேண்டு.

"சாப்பாட்டைப் பிரிக்கவா சார்? கத்தரிக்கோலை இப்பத்தான் கழுவி வெச்சேன்."