ஆரணிக்கு மாற்றல்

ஜிலேபிப் பெட்டியோடு காரை விட்டு இறங்கினார் சக்கரவர்த்தி. படவேட்டில் லீலாவின் வாடகை வீட்டு வாசலில் மினி வேன் நின்றிருந்தது. கட்டில், காஸ் அடுப்பு, பாத்திர மூட்டை எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

"இன்னா மேடம், கெளம்பியாச்சா? வழியனுப்பலாம்னு வந்தேன். வாய இனிப்பாக்கிக்கினு போங்க."

லீலா பெட்டியைத் தொடவில்லை. அந்த மலையடிவாரத்தின் வனக்காப்பாளர் அவள். அவள் மடக்கிய மரக்கடத்தல் லாரிகளெல்லாம் ஆரணியில் இருக்கும் சக்கரவர்த்தியின் மரவாடிக்குப் போகிறவை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பிடிபட்ட டிரைவர் ஒருவன்கூட அவர் பெயரைச் சொன்னதில்லை. ஒரு லாரியைப் பிடித்தால் அடுத்த வாரமே வேறொன்று மலையேறும்.

வாசலில் கிராம வனக்குழுப் பெண்கள் கூடியிருந்தார்கள். குழுத் தலைவி கன்னியம்மாள் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றாள். ஐப்பசியில் வேங்கை மரம் ஏற்றி வந்த லாரியை அவர்கள் மறித்தபோது, அது நிற்காமல் அவள் காலில் ஏறிவிட்டுப் போயிருந்தது.

"அந்தாளு குடுக்கறத தொடாதீங்க கார்டம்மா," என்றாள் கன்னியம்மாள். "நீங்க எங்கியும் போவ வாணாம். நாங்க அத்தினி பேரும் ரோட்டுல குந்தறோம். மாத்தல ரத்து பண்ற வரைக்கும் ஒரு பஸ்ஸு போவாது."

"அதெல்லாம் வேணாம்கா." லீலா வேனின் பின்கதவில் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "அந்தத் தெம்ப மலைக்கு வெச்சுக்கங்க. பங்குனி பொறந்தா தீ கெளம்பும். சருகக் கூட்டித் தள்ளி, தீத்தடுப்புக் கோட்ட இப்பவே செதுக்கிடுங்க. நான் இருந்தாலும் நீங்கதானே செதுக்குவீங்க?"

பெண்கள் மலையைப் பார்த்தார்கள். குழு தொடங்கிய தொண்ணூற்றெட்டில் அந்தச் சரிவு முழுக்க வெட்டிப்போட்ட அடிக்கட்டைகள்தான். கட்டைக்கு ஒரு நல்ல துளிரை மட்டும் விட்டு மற்றதைக் கழித்து, ஆடு மாடு ஏறாமல் காத்து வளர்த்தவர்கள் அவர்கள். இந்த ஐந்து வருடத்தில் துளிர்கள் மரமாகிக்கொண்டிருந்தன. கீழே கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் தங்கியது.

லீலா அழாமல் நிற்பது சக்கரவர்த்திக்கு ருசிக்கவில்லை.

"ஆரணியில காடு ஏது மேடம்? பட்டுப்பொடவக் கடையும் கல்யாண மண்டபமும்தான் கீது. ஃபேன் காத்துல குந்திக்கினு ஃபைல் பாருங்க. லாரி பின்னால ஓடற பேஜார் இனிமே இல்ல."

"ஆமாங்க. ஓடி ஓடி எனக்கும் சலிச்சுப்போச்சு," என்றாள் லீலா. "ஆரணி சேவூர்ல வீடு பாத்துகீறேன். உங்க மரவாடிக்கு எதிர்த் தெரு."

"அட! வெறகு வேணும்னா சொல்லியனுப்புங்க."

"காலையில எப்ப தொறப்பீங்க?"

"விடிஞ்சதுமே தொறந்துடுவோம். வாங்க, காபி சாப்புட்டுப் போங்க." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

கன்னியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா கார்டம்மா, இந்தாளுகிட்ட போயி பேசிகினு கீறீங்க! என் காலு இன்னும் கூடல."

லீலா அவள் அருகில் வந்து குனிந்து, வீங்கிய கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள். "கூடும்கா. நீங்க மறுபடியும் மலையேறத்தான் போறீங்க."

சக்கரவர்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "நல்லா கேட்டுக்குங்க. இந்தம்மாவ மலைய உட்டு எறக்கினது நான்தான். மெட்ராஸ் வரைக்கும் ஆள் புடிச்சு அலைஞ்சேன். இனிமே எவளாவது லாரிய மறிக்கறதுன்னா, யோசிச்சுக்கினு மறிங்க."

கன்னியம்மாள் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினாள். "மறிப்போம்யா! எனக்கு இன்னொரு காலு கீது."

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். கார் டிரைவர் பயந்துபோய் எஞ்சினைக் கிளப்பினான்.

அதுவரை வேப்பமரத்தடியில் நின்றிருந்த வனவர் தனசேகரன் முன்னால் வந்தார். லீலாவுக்கு மேலதிகாரி. "ஜல்தி கெளம்பும்மா. மத்தியானத்துக்குள்ள ஆரணியில சார்ஜ் எடுக்கணும்."

"அங்க மேடத்துக்கு இன்னா வேல சார்?" என்றார் சக்கரவர்த்தி. "தபால் ஒட்றதா?"

"மரவாடிச் சோதனைங்க. டவுன்ல கீற அத்தினி மரவாடியும் இனிமே இந்தம்மா பாக்கணும். எந்தக் கட்ட எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. பதில் சொல்ல வேண்டியது டிரைவர் இல்ல, ஓனரு."

சக்கரவர்த்தியின் கையிலிருந்த பெட்டி சரிந்து ஜிலேபி மண்ணில் உருண்டது.

"இது இன்னா அக்கிரமம்! மாத்தலக் கேட்டது நானு. இந்த வேலைய எவன் கேட்டான்?"

லீலா வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ரெண்டையும் கேட்டது நான்தாங்க."