ஆறாவது கையெழுத்து

மார்ச் 19, காலை 11.20, மெல்லிய தூறல். வேட்புமனுத் தாக்கல் நடைபெற்ற பள்ளியில் அனுப்ரியா தவித்துக்கொண்டிருந்தாள். அவளை ஆதரித்துக் கையெழுத்திட வந்த அறுவருள் ஒருவர் வசிக்கும் அடுக்குமாடி புளோக், எல்லை மாற்றத்தில் அடுத்த தொகுதிக்குப் போயிருந்தது. நண்பகலுக்குள் இத்தொகுதி வாக்காளர் இன்னொருவர் கிடைக்காவிட்டால், அவளை எதிர்த்து நிற்கும் ஒரே வேட்பாளரான சுஜீந்திரன் போட்டியின்றி வென்றுவிடுவார்.

கூட்டத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார்.

“நான் இந்தத் தொகுதிதாம்மா. கையெழுத்துப் போடுறேன்.”

“ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்! என் திட்டங்களையெல்லாம் படிச்சீங்களா?”

“படிச்சேன். ஒண்ணும் சரியில்ல லா.”

“அப்புறம் ஏன்?”

“நான் எங்க குடியிருந்தாலும் அந்தத் தொகுதியில போட்டியே இருக்காது. பொதுத் தேர்தல்ல இதுவரைக்கும் ஓட்டே போட்டதில்ல. இந்தத் தடவை போட்டே ஆகணும்.”

“எனக்குத்தானே?”

“உனக்கு எதுக்கு? சுஜீந்திரன் என் மகன். அவனுக்கு என் கையால ஓட்டுப் போடணும். நீ நின்னாத்தானே அது முடியும்?”

புதிய படிவத்தில் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினார்.

“வா, உள்ள போகலாம். நல்லாப் போட்டி போடு. ஜெயிச்சு மட்டும் தொலைச்சிடாதே.”